தண்ணி வந்தது, மீன் வரலை: பெரியாற்று ‘ட்ரௌட்’டின் கதை

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் ஒழுங்குபடுத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு மீனைப் பத்திப் பேசப் போறோம். ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வளர்ற மலை ஓடை மீன். உலகத்திலேயே ஒரே ஒரு ஆற்றோட மேல்பகுதியில மட்டும்தான் இருக்கு. அந்த ஆத்துத் தண்ணியைத்தான் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டம் நம்பியிருக்கு. ஆனா அந்த மீனோட பேரை இந்த அஞ்சு மாவட்டத்துல கேட்டவங்க ரொம்பக் குறைவு.

மீனுக்குப் போறதுக்கு முன்னால ஒரு காகிதத்தைப் பார்த்துடலாம்.

ஒப்பந்தத்துக்குள்ள மீன்

1970 மே 29. முல்லைப் பெரியாறு அணை சம்பந்தமாகத் தமிழ்நாடும் கேரளாவும் துணை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகின்றன. மூணு விஷயம் மாறுது. ஒண்ணு, அணை நிலத்துக்கான குத்தகை. அதுவரைக்கும் வருஷத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாய். இனிமே 30 ரூபாய். ரெண்டு, அந்தத் தண்ணியை வைத்துத் தமிழ்நாடு மின்சாரம் எடுக்கலாம், அதுக்குத் தனியாகப் பணம் கட்டணும். இந்த ரெண்டையும் செய்தித்தாள் படிக்கிறவங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

மூணாவது விஷயத்தை யாரும் பேசறதில்லை. ஏரியில மீன் பிடிக்கிற உரிமையைத் தமிழ்நாடு கேரளாவுக்கு விட்டுக்கொடுத்தது.

விட்டுக்கொடுக்கணும்னா முதல்ல கையில இருந்திருக்கணும் இல்லையா? இருந்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் பிரிட்டிஷ் இந்திய அரசும் போட்ட மூலக் குத்தகையில, சுமார் 8,000 ஏக்கரை 999 வருஷத்துக்குக் கொடுத்தபோது, அங்கே தேங்கப்போற தண்ணியில மீன் பிடிக்கிற உரிமையையும் சேர்த்தே கொடுத்தாங்க. அப்போ ஏரியே கிடையாது. அணைக்கு அஸ்திவாரம்கூடப் போடலை. வரப்போற ஏரியில வாழப்போற மீன் யாருக்குச் சொந்தம்னு அதுக்கு முன்னாடியே எழுதி முடிச்சாச்சு.

84 வருஷ இடைவெளியில ரெண்டு ஒப்பந்தம். ரெண்டிலும் மீன் வருது, பிடிக்கிற பொருளாக. ஆனா அங்கே என்ன மீன் இருக்கு, அது எப்படிப் பிழைக்கும்னு ரெண்டுமே கவலைப்படலை. இந்த எபிசோடு அந்த விடுபட்ட வரியைப் பத்தினது.

தேவாரத்திலிருந்து பார்த்தால்

தேவாரம் போயிருக்கீங்களா? தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. ஊருக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிக்கும். மலை உச்சிதான் மாநில எல்லை. சாக்கலூத்து மெட்டு வழியாக ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளாவின் ஏலத்தோட்டங்கள். அந்தப் பாதையை ரோடாகப் போட்டுக் கொடுங்கன்னு ஊர்க்காரங்க கேட்டுட்டே இருக்காங்க.

இந்த மலைதான் எல்லாத்துக்கும் காரணம். தென்மேற்குப் பருவமழை அரபிக்கடல்ல இருந்து வந்து, மலையோட மேற்குச் சரிவுல மோதி, அங்கேயே கொட்டித் தீர்த்துடும். உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் வர்றது பெரும்பாலும் காத்துதான். அதனால ஜூன், ஜூலையில மலைக்கு அந்தப் பக்கம் ஓடை எல்லாம் நுரைச்சுக்கிட்டு ஓடும்போது, தேவாரத்துப் பக்கம் இறங்குற ஓடைகள்ல மணலைத்தான் பார்ப்பீங்க.

இந்த ஓரவஞ்சனையைச் சரிசெய்யத்தான் பெரியாறு அணை வந்தது. மேற்கே போற ஆத்தை மறிச்சு, மலையைக் குடைஞ்சு, கிழக்கே திருப்பினாங்க. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம் அந்தப் பழைய யோசனைக்கு வேகம் வந்தது. 1887-இல் வேலை ஆரம்பம். 1895 அக்டோபரில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். கர்னல் பென்னிகுவிக் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பாலார்பட்டியில அன்னைக்கு அவருக்காகவே பொங்கல் வைக்கிறாங்க. அதை இங்கே திரும்பச் சொல்லப் போறதில்லை.

தேக்கடியில ஏரித்தண்ணி ஒரு மைலுக்கும் நீளமான சுரங்கத்துக்குள்ள நுழையும். மலைக்கு இந்தப் பக்கம் வெளியே வந்து, ராட்சதக் குழாய்கள் வழியாக லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு விழும். அங்கிருந்து ஆறு. ஆத்துல இருந்து கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்கள். லோயர் கேம்ப்ல இருந்து பிரியுற 18-ஆம் கால்வாய் மலையடிவாரத்தை ஒட்டியே வந்து தேவாரம், போடிப் பக்கத்துக் கண்மாய்களை நிரப்பும். மிச்சம் வைகை அணைக்கு.

ஆக, தேவாரத்துக் கண்மாயில நிக்கிற தண்ணி, மலைக்கு அந்தப் பக்கம் பிறந்த தண்ணி. தண்ணி மலையைத் தாண்டி வந்துடுச்சு. அந்தத் தண்ணியில பிறந்த நம்ம மீன் வரலை. அது மேல இருக்கிற ஓடையிலயே நின்னுடுச்சு.

துரைமாரும் ட்ரௌட்டும்

அந்த மீனுக்கு ஆங்கிலத்துல ‘பெரியார் ட்ரௌட்’னு பேரு. ‘தென்னிந்திய மலை ட்ரௌட்’னும் சொல்லுவாங்க. கேரளாவில ‘பிராமணக்கெண்டை’. ட்ரௌட்டா, கெண்டையா? ரெண்டுல எது சரி?

கெண்டைதான் சரி. இந்தியாவோட எந்த ஆத்துலயும் இயற்கையாக ட்ரௌட் கிடையாது. ட்ரௌட் சால்மன் குடும்பம். வாங்கிப் பார்த்தீங்கன்னா முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல சதையாக ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். வாயில பல் இருக்கும். கெண்டைக் குடும்பத்துக்கு அந்தக் குட்டித் துடுப்பு இல்லை, தாடையில பல்லும் இல்லை. பல் தொண்டைக்குள்ள இருக்கும்.

அப்புறம் ஏன் ட்ரௌட்னு பேரு? வீட்டு ஞாபகம்தான். ஸ்காட்லாந்துலயும் இங்கிலாந்துலயும் ஓடையில தூண்டில் போட்டு வளர்ந்தவங்க, இங்கே மலையேறி வந்து, குளிர்ந்த தண்ணியில துள்ளுற மீன் எதைப் பார்த்தாலும் ட்ரௌட்னாங்க. காஷ்மீர்ல, இமயமலை ஆறுகள்ல இருக்கிற ஒரு கெண்டை இனத்துக்கு ‘ஸ்னோ ட்ரௌட்’. சமவெளியில வேகமாகப் பாயுற இன்னொரு கெண்டை உறவுக்கு ‘இந்தியன் ட்ரௌட்’. பேரை மட்டும் கொடுத்துட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. அசலையே கொண்டு வரணும்னு கிளம்பினாங்க.

1863-இல் பிரான்சிஸ் டே என்ற சென்னை ராணுவ டாக்டர், இங்கிலாந்துல இருந்து ட்ரௌட் முட்டையை நீலகிரிக்குக் கொண்டு வரப் பார்த்தார். முட்டை வழியிலேயே செத்துப் போச்சு. ‘இந்தியாவின் மீன்கள்’ என்ற பெரிய நூலை எழுதினவர் இவர்தான். நம்ம நாட்டு மீன்களை அவ்வளவு நுணுக்கமாகப் படம் போட்டுப் பட்டியல் போட்ட அதே மனுஷனுக்கு, ஊட்டி ஓடையில ஊர் மீனைப் பார்க்கணும்னு ஆசை. எனக்கு இது ஒரு காலனிய மனசோட முழுப் படமாகத் தெரியுது. இருக்கிறதை எழுதி வைக்கவும் செய்யறாங்க, அது போதாதுன்னும் நினைக்கிறாங்க.

டே மட்டும் இல்லை. அந்தக் காலத்துல உலகம் பூராவும் இந்தப் பைத்தியம் இருந்தது. 1864-இல் ‘நார்போக்’ என்ற கப்பல்ல, ஈரப் பாசியில பொதிஞ்சு ஐஸ் அறைக்குள்ள வைத்த முட்டைகள் டாஸ்மேனியாவுக்கு உயிரோட போய்ச் சேர்ந்தன. அதுக்கப்புறம் நியூசிலாந்து. 1880-களில் இலங்கையின் நுவரெலியாப் பக்கம். 1900-இல் காஷ்மீர். நீலகிரியில 1900-களின் முதல் பத்து வருஷத்துல எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில மீன்குஞ்சுப் பண்ணை வைத்த பிறகுதான் வானவில் ட்ரௌட் நிலைச்சது.

தேவாரத்துக்கு வடமேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் மூணாறு. அங்கே தேயிலைத் தோட்டத் துரைமார் தூண்டில் சங்கமே வைத்திருந்தாங்க, ‘ஹை ரேஞ்ச் ஆங்கிளிங் அசோசியேஷன்’னு. ராஜமலையில குஞ்சு பொரிக்கிற பண்ணை. இரவிகுளம் புல்வெளி ஓடைகள்ல இன்னைக்கும் வானவில் ட்ரௌட் இருக்கு. 2,000 மீட்டர் உயரத்துத் தண்ணி அதுக்குச் சரிப்பட்டது. பெரியாறு ஏரி 900 மீட்டருக்கும் கீழே, தண்ணி வெதுவெதுப்பு. அதனால அசல் ட்ரௌட் அங்கே குடியேற வழியில்லை. அங்கே இருந்தது மண்ணின் மீன். அதை அறிவியல் கவனிக்கவே இன்னும் நாள் இருந்தது.

சுந்தர ராஜ் பார்த்த செதில்

1941. அணை கட்டி முடிச்சு 46 வருஷம் ஆச்சு. பி. சுந்தர ராஜ் என்ற மீனியலாளர், பெரியாறு ஏரியில கிடைத்த மீனை வைத்து ஒரு கட்டுரை வெளியிடுகிறார். சுந்தர ராஜ் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர். அந்த நாற்காலியில அவருக்கு முன்னால உட்கார்ந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல், ஆங்கிலேயர். 1916-லேயே சென்னையைச் சுற்றி இருக்கிற நன்னீர் மீன்களைப் பத்தி எழுதினவர் சுந்தர ராஜ்.

அவர் கண்ணுல பட்டது ஒரு செதில் வரிசை. மீனோட மலவாயையும் அதுக்குப் பின்னால இருக்கிற துடுப்போட அடியையும் ஒட்டி, மத்த செதில்களைவிடப் பெரிய செதில்கள், கூரையில ஓடு அடுக்கின மாதிரி. பார்க்கச் சின்ன விஷயம். ஆனா மீனியலாளருக்கு அது கைரேகை. ஏன்னா அந்த அடையாளம் இமயமலை ஸ்னோ ட்ரௌட் கூட்டத்துக்கு உரியது. காஷ்மீர், திபெத், மத்திய ஆசியா பக்கத்துப் பனி ஆறுகளோட மீன்.

அந்த அடையாளம் இருக்கிற மீன் திருவிதாங்கூர் காட்டுக்குள்ள என்ன பண்ணுது? நடுவுல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெயில் சமவெளி. அந்தக் கூட்டத்துல ஒண்ணுகூட விந்தியத்துக்குத் தெற்கே கிடையாது. சுந்தர ராஜ் அதைப் புதுப் பேரினமாகவே வைத்தார். லெப்பிடோபைகாப்சிஸ் டைபஸ். நாக்கு சுளுக்கிக்கும், தெரியும். இனிமே மலைக்கெண்டைன்னே சொல்றேன்.

இமயமலையிலிருந்து ஒரு பாதை?

இந்த மாதிரிக் கேள்விகள் அந்தக் காலத்துல பெரிய விவாதம். மேற்குத் தொடர்ச்சி மலையில சில மீன்களைப் பார்த்தால் வடகிழக்கு இந்தியா, மலேயாப் பக்கத்து மீன்கள் ஞாபகம் வரும். நடுவுல அவங்க சொந்தக்காரங்க யாரும் இல்லை. எப்படி வந்தாங்க?

சுந்தர் லால் ஹோரா என்ற விலங்கியலாளர் ஒரு பதில் சொன்னார். ‘சாத்புரா கருதுகோள்’னு பேரு. ஒரு காலத்துல சாத்புரா மலைத்தொடர் இன்னும் உயரமாக, ஈரமாக இருந்தது. கிழக்கு இமயமலையில இருந்து அந்தத் தொடர் வழியாக, மலை ஓடைக்கு மலை ஓடை தாண்டித் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மீன்கள் வந்து சேர்ந்தன. பிறகு நடுப்பாதை காய்ஞ்சு போச்சு, இங்கே வந்தவை தனியாக மாட்டிக்கிச்சு. இதுதான் அவர் வாதம். 1949-இல் இதுக்குன்னே ஒரு கருத்தரங்கு நடந்தது.

இமயமலை அடையாளத்தோட தெற்கே தனியாக நிக்கிற மலைக்கெண்டை இந்த மாதிரிக் கதைக்கு எவ்வளவு அழகாகப் பொருந்தும்னு யோசிச்சுப் பாருங்க. வழி தவறின வடக்கத்தி மீன். பல வருஷம் புத்தகங்கள்ல அதை இமயமலைக் கூட்டத்தோடதான் வைத்திருந்தாங்க.

அப்புறம் டி.என்.ஏ. வந்தது. கெண்டைக் குடும்பத்து மீன்களை மரபணு வழியாக வரிசைப்படுத்திப் பார்த்தபோது, மலைக்கெண்டை ஸ்னோ ட்ரௌட் பக்கம் போகலை. நம்ம ஊர் ஆறுகள்ல இருக்கிற மஹசீர் இருக்கே, அந்தப் பக்கம் வந்து நின்னுச்சு. மேற்குத் தொடர்ச்சி மலையோட சொந்தக் கெண்டைகளோட பங்காளி. அப்போ அந்தச் செதில் வரிசை? ரெண்டு வேற வேற வம்சத்துல தனித்தனியாக உருவான ஒரே மாதிரி அமைப்பு. இந்த மாதிரி இயற்கையில நடக்கிறதுதான். வௌவாலுக்கும் இறக்கை இருக்கு, காக்காவுக்கும் இருக்கு. ரெண்டும் ஒரு வம்சம் இல்லையே.

எனக்கு இந்தத் திருப்பம் ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்த மீனைப் பார்த்த எல்லாரும் வேற எங்கேயோ இருந்து வந்ததுன்னே நினைச்சாங்க. பேரு வைத்தவங்களுக்கு அது ஸ்காட்லாந்தை ஞாபகப்படுத்துச்சு. வகைப்படுத்தினவங்களுக்கு இமயமலையை. கடைசியில பார்த்தால் அது எங்கேயும் போகலை, எங்கிருந்தும் வரலை. இந்த மலையிலயே உருவானது, இந்த மலையிலயே இருக்கு.

ஆறு ஏரியானது

இப்போ அணைக்குத் திரும்புவோம். ஓடை மீனுக்கு அணைன்னா என்ன அர்த்தம்?

மலைக்கெண்டைக்கு ஓடுற தண்ணி வேணும். பாறை, கூழாங்கல், நிழல், காத்து நிறையக் கலந்த குளிர்ந்த தண்ணி. பெரியாறு மறிக்கப்பட்டதும் பள்ளத்தாக்கு முழுகி, சுமார் 26 சதுர கிலோமீட்டர் ஏரி ஆச்சு. தேக்கடியில படகு சவாரி போனவங்களுக்குத் தெரியும், தண்ணிக்குள்ள மொட்டை மரங்கள் நிக்கும். 1895-க்கு முன்னால அது கரைக்காடு. இன்னைக்கு அந்த மரங்கள்ல நீர்க்காகம் உட்கார்ந்து இறக்கை காய வைக்குது.

ஓட்டம் நின்னால் சேறு படியும். கூழாங்கல்லுக்கு நடுவுல முட்டை போடுற, பாறையில மேயுற மீன்களுக்கு அந்த இடம் உதவாது. அவை மேலே, ஏரிக்குள்ள வந்து விழுற ஓடைகளுக்கு நகர்ந்துக்கணும். மலைக்கெண்டை இன்னைக்கு மிஞ்சியிருக்கிறது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிற அந்த மாதிரி மேல் ஓடைகள்லதான். உலகத்துல வேற எங்கேயும் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல்ல ‘அருகிவரும் இனம்’னு இடம்பெற்றிருக்கு.

ஆனா அணையை மட்டும் வில்லனாக்கி முடிச்சுட்டால் கதை பாதிதான். அணைக்கு அப்புறமும் அந்த மீன் இத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சிருக்கு. அதுக்கு ஒரு காரணம், ஏரியைச் சுத்தி இருந்த காட்டை விட்டு வைத்தது. 1934-இல் திருவிதாங்கூர் அங்கே வேட்டைச் சரணாலயம் அறிவித்தது. 1950-இல் அது வனவிலங்குச் சரணாலயம். 1978-இல் புலிகள் காப்பகம். யானைக்காகவும் புலிக்காகவும் காப்பாத்தின காடு, கூடவே ஓடையையும் காப்பாத்துச்சு.

பெரிய அடி வேற ரூபத்துல வந்தது. ஏரின்னு ஒண்ணு இருந்தால் அதுல மீன் வளர்த்துப் பிடிக்கணும்னு எல்லா அரசுக்கும் தோணும். சாதாக்கெண்டை வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து திலேப்பியா வந்தது, நம்ம மார்க்கெட்ல ஜிலேபின்னு விக்கிற அதே மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உள்ள நுழைஞ்சது. இதெல்லாம் கலங்கல் தண்ணி, தேங்கின தண்ணி எதுலயும் பெருகும். சாதாக்கெண்டை அடிமண்ணைக் கிளறி மேயும், மலைக்கெண்டையோட சாப்பாட்டுக்கே போட்டிக்கு வரும். கெளுத்தி கிடைச்சதை விழுங்கும்.

அணை ஆத்தை ஏரியாக்கினது ஒரு தடவை நடந்து முடிஞ்ச காரியம். இந்த மீன்கள் பெருகுறது ஒவ்வொரு வருஷமும் நடக்குது.

யார் பிடிக்கலாம், எப்படிப் பிடிக்கலாம்

மீன் பிடிக்கிறவங்களைப் பத்திப் பேசாமல் மீன் வரலாறு பேச முடியாது.

பெரியாற்றுக் காட்டுல மன்னான், பளியர்னு ரெண்டு பழங்குடிச் சமூகங்கள். மன்னான்கள் தங்களோட பூர்வீகம் மதுரைன்னு சொல்லுவாங்க. பேசுறது தமிழோட ஒரு வடிவம். காட்டுக்குள்ள சிதறி இருந்தவங்க பிற்பாடு குமுளி ஓரத்துல, மன்னாக்குடி, பளியக்குடின்னு குடியமர்த்தப்பட்டாங்க. மூங்கில் தெப்பத்துல போய் வலை போட்டு மீன் பிடிக்கிறது மன்னான்களோட கைத்தொழில். இன்னைக்குத் தேக்கடியில டூரிஸ்டுகளை மூங்கில் தெப்பத்துல கூட்டிட்டுப் போறவங்களும் அவங்கதான்.

மலையோர மீன்பிடிக்குன்னு பழைய முறைகள் இருக்கு. மூங்கில்ல பின்னின பறியை ஓடை குறுகுற இடத்துல வைக்கிறது. கோடையில ஓட்டம் நின்ன குட்டையில காரைக்காய் மாதிரி காயை இடிச்சுக் கலந்து, மயங்கி மிதக்கிற மீனை அள்ளுறது. 1870-களில் எச்.எஸ். தாமஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி இந்த மாதிரி முறைகளைக் கடுமையாகக் கண்டிச்சு எழுதினார். தூண்டில் பிரியர். இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பத்திப் புத்தகமே போட்டவர். அந்த வாதங்களோட தொடர்ச்சியாக வந்ததுதான் 1897-இன் இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைக்கிறதும் நஞ்சு கலக்குறதும் குற்றமாச்சு.

வெடி வைக்கிறதைத் தடை பண்ணினது சரிதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வெடிக்கு ஒரு மடுவே செத்துடும். ஆனா சட்டத்தோட இன்னொரு பக்கத்தையும் பாருங்க. சாப்பாட்டுக்குக் குட்டையில காய் கலக்கினவன் குற்றவாளி. ஓடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேட்டை மீனைக் கப்பல்ல கொண்டு வந்து ஓடையில விட்டவர் மீன்வளத்தை மேம்படுத்தினவர். ஓடைக்கு எது அதிகக் கெடுதல்னு அன்னைக்கு யாரும் கணக்குப் போடலை.

இன்னைக்கு நிலைமை இன்னும் சிக்கல். மன்னான் மீனவர் வலையில இப்போ அதிகம் விழுறது சாதாக்கெண்டையும் திலேப்பியாவும்தான். அதுதான் அவங்க வருமானம். வெளி மீனை முழுசாக ஒழிங்கன்னு சொல்றது நகரத்துல உட்கார்ந்திருக்கிற நமக்குச் சுலபம். ஒழிச்ச மறுநாள் அவங்க அடுப்பு எப்படி எரியும்? அதே சமயம், வெளி மீனை ஏரியில இருந்து தினமும் குறைச்சுக்கிட்டிருக்கிறதும் அவங்க வலைதான். மலைக்கெண்டையைக் காப்பாத்தணும்னா அந்த வலையைத் துணைக்கு வைத்துக்கிட்டுத்தான் முடியும். ஏரியில வெளி மீனை நல்லாப் பிடிக்கட்டும், நல்ல விலை கிடைக்கட்டும். புதுசாக எந்த மீன்குஞ்சும் விடாமல் இருக்கட்டும். மேல் ஓடைகளைத் தொடாமல் விடட்டும். நான் படிச்ச வரைக்கும் எனக்கு நியாயமாகத் தெரியுற வழி இது.

அணைக்கு இந்தப் பக்கம்

முல்லைப் பெரியாறுன்னதும் நம்ம காதுல விழுறது எண்கள். 136 அடி, 142 அடி, 152 அடி. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம்னு தீர்ப்பு சொன்னபோது கம்பம் பள்ளத்தாக்குல பட்டாசு வெடிச்சாங்க. அந்தச் சந்தோஷம் எனக்குப் புரியுது. ஒரு அடி தண்ணின்னா ஒரு போகம் நெல், ஒரு கண்மாய், ஒரு கிணறு. அந்தப் பக்கம், அணைக்குக் கீழே இருக்கிறவங்களோட பயமும் புரியுது. கட்டினது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காலத்துல.

இந்த ரெண்டு குரலும் நியாயமானது. ரெண்டுக்கும் வழக்கறிஞர் இருக்காங்க, கட்சி இருக்கு, கொடி இருக்கு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கிற தண்ணி எங்கிருந்து வருதோ, அந்த ஓடைகளுக்கு மட்டும் யாரும் இல்லை.

மலைக்கெண்டையைப் பத்தி ஏன் தேவாரத்துல இருக்கிறவங்க கவலைப்படணும்னு கேட்டால், பாசத்துக்காக மட்டும் இல்லைன்னு சொல்லுவேன். ஓடுற குளிர்ந்த தண்ணி இல்லாமல் அந்த மீன் பிழைக்காது. அது இருக்கிற ஓடைன்னா, மேல காடு இருக்கு, கோடையிலயும் ஊத்து கசியுதுன்னு அர்த்தம். அந்தக் கசிவு சேர்ந்துதான் ஏரி. ஏரிதான் சுரங்கம் வழியாக வந்து 18-ஆம் கால்வாய். மீன் காணாமல் போற ஓடையில என்னவோ கெட்டுப்போச்சு. அந்தச் சேதி ரெண்டு மாநிலத்துக்கும் பொதுவானது, எத்தனை அடி தேக்கினாலும்.

1886-இல் அந்த மீனைச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தாங்க. 1970-இல் கேரளாவுக்குத் திருப்பிக் கொடுத்தாங்க. ரெண்டு தடவையும் அது சொத்துக் கணக்குல வந்தது. இனி எப்பவாவது இந்தத் தண்ணியைப் பத்தி மூணாவதாக ஒரு ஒப்பந்தம் எழுதினால், அதுல ஒரு வரி சேரணும்னு நான் ஆசைப்படுறேன். ஏரிக்குள்ள வந்து சேர்ற மேல் ஓடைகளை ரெண்டு மாநிலமும் சேர்ந்து பார்த்துக்கணும், அங்கே எந்த வெளி மீனையும் விடக்கூடாது. அவ்வளவுதான். ரெண்டு தரப்புலயும் யாரும் தோற்கத் தேவையில்லாத ஒரே ஷரத்து அதுவாகத்தான் இருக்கும்.

இந்த எபிசோடு கேட்கிறவங்கள்ல தேனி, கம்பம், போடி, தேவாரம் பக்கத்துக்காரங்க இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்க ஊர் ஓடையில, கண்மாயில உங்க தாத்தா பாட்டி பிடிச்ச மீனோட பேரை எல்லாம் கேட்டு எழுதி அனுப்புங்க. அயிரை, கெளுத்தி, ஆரால், விரால்னு ஆரம்பிச்சு, இப்போ கண்ணுல படாத பேரு வரைக்கும். போடியில ஒரு பேரு, கூடலூர்ல ஒரு பேருன்னு இருந்தால் ரெண்டையும் அனுப்புங்க. ஒரு மீனுக்கு நம்ம வாயில பேரு இருக்கிற வரைக்கும்தான், அது காணாமல் போனால் நமக்குத் தெரியும்.

அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.